மூன்றில் ஒரு பங்கு

ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு யூதன் முதலில் ஷைலக்காகத்தான் அறிமுகமாகிறான். பத்திரத்தில் எழுதியது எதுவோ அது. ஒரு பவுண்டு என்றால் ஒரு பவுண்டு. இந்தச் சித்திரம் நாடகமேடையோடு நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இறையியல் அறிஞர்கள் (எமில் ஷூரர் ஓர் உதாரணம்) பண்டைய யூத வாழ்வைப் பற்றி எழுதும்போதும் சட்டத்தின் பாரத்தில் முதுகு வளைந்து, உள்ளே வறண்டுபோன ஒரு கூட்டத்தையே கண்டார்கள். அவர்களுடைய புலமையில் சந்தேகமில்லை. பார்வைதான் கோளாறு. தால்முத் காட்டுவது வேறொன்று. சட்டம் கேட்பதற்கு மேலாக, யாரும் கேட்காத ஒரு சிறு பகுதி இருந்துகொண்டே இருக்கிறது. இந்த மனிதர்கள் சந்தோஷமாக இருந்தது அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

ஹனுக்காவை எடுத்துக்கொள்ளலாம். கி.மு. 164இல் மக்கபேயர் ஜெருசலேம் ஆலயத்தை மீட்டுப் புனிதப்படுத்தியதன் நினைவாக 8 இரவுகள் விளக்கேற்றும் பண்டிகை. விதி மிக எளியது: இரவுக்கு, வீட்டுக்கு ஒரு விளக்கு. கடமை தீர்ந்தது. அழகாகச் செய்ய நினைப்பவர்கள் வீட்டிலுள்ள ஆளுக்கொன்று ஏற்றலாம். அதைவிடவும் அழகாகச் செய்ய நினைப்பவர்கள்? இங்கேதான் ஷம்மாய் மரபினருக்கும் ஹில்லல் மரபினருக்கும் தகராறு. முதல் இரவு எட்டு ஏற்றி ஒவ்வொன்றாகக் குறைத்து வர வேண்டும் என்றார்கள் ஷம்மாய் தரப்பினர். ஒன்றில் தொடங்கி எட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள் ஹில்லல் தரப்பினர். புனிதமான காரியத்தில் ஏறிப்போக வேண்டுமே தவிர இறங்கி வரக்கூடாது என்பது அவர்கள் காரணங்களில் ஒன்று. கூட்டிப் பார்த்தால் இரண்டு வழியிலும் 36தான் வருகிறது. எண்ணெய்ச் செலவில் பைசா வித்தியாசமில்லை. கடமையான அந்த ஒற்றை விளக்கைப் பற்றி இவர்களுக்குள் இந்த வாதம் இல்லை. செய்யாவிட்டாலும் குற்றமில்லாத ஒன்றை எப்படிச் செய்வது என்பதில்தான் இரண்டு மரபுகள் மோதிக்கொள்கின்றன.

கட்டளையை அழகுபடுத்துதல் என்பதற்கு எபிரேயத்தில் 'ஹிட்டூர் மிட்ஸ்வா' என்று பெயர். தோராச் சுருள் என்றால் நல்ல மையில், நல்ல எழுதுகோலில், தேர்ந்த கை எழுத வேண்டும். நல்ல பட்டில் சுற்றி வைக்க வேண்டும். இதற்கு எவ்வளவு செலவழிக்கலாம்? மூன்றில் ஒரு பங்கு என்கிறார் ரபி ஸேரா. 30 காசுக்குக் கடமையை நிறைவேற்றும் பழம் கிடைக்கிறது, பக்கத்தில் இன்னும் லட்சணமான பழம் 40 காசுக்கு இருக்கிறது என்றால் 40 கொடுத்து வாங்கு. அதற்குள் ராவ் ஆஷிக்கு ஒரு சந்தேகம். மூன்றில் ஒரு பங்கு என்பது அடிப்படை விலையிலா, மொத்த விலையிலா? முன்னதென்றால் 10 காசு, பின்னதென்றால் 15. தால்முத் இதற்கு விடை சொல்லாமல் கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறது. பேங்கில் வட்டிக் கணக்குப் போட்டு வயிறு வளர்ப்பவன் என்ற முறையில் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. சந்தோஷத்துக்கும் கணக்கு வைத்திருந்தார்கள் என்று சிரிக்கலாம். அதை அற்பமாக நினைத்திருந்தால் கணக்கே பார்த்திருக்க மாட்டார்கள்.

தால்முத்தில் இன்னொரு பக்கம். வேலையாட்கள் இருந்தும் பெரிய அறிஞர்கள் ஸபத்துக்காகத் தாங்களே செய்த காரியங்கள் அங்கே சொல்லப்படுகின்றன. ராவா மீனுக்கு உப்பிட்டார். ராவ் பாப்பா திரி திரித்தார். ராவ் ஹிஸ்தா பீட்ரூட் நறுக்கினார். ரப்பாவும் ராவ் யோசேப்பும் விறகு பிளந்தார்கள்.

விறகு பிளந்த இந்த ராவ் யோசேப் பார்வையற்றவர். பார்வையற்றவர்களுக்குக் கட்டளைகளிலிருந்து விலக்கு உண்டு என்பது ரபி யெகூதாவின் கருத்து. அதுவே சட்டம் என்று யாராவது உறுதிசெய்தால் அறிஞர்களுக்கு விருந்து வைப்பேன் என்று யோசேப் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டாயம் இல்லாமலே அவர் எல்லாவற்றையும் செய்கிறவர் அல்லவா? பிறகு ரபி ஹனினாவின் வாக்கு அவர் காதுக்கு எட்டியது: கட்டளையிடப்படாமல் செய்பவனைவிடக் கட்டளையிடப்பட்டுச் செய்பவனே பெரியவன். யோசேப் பேச்சை மாற்றிக்கொண்டார். சட்டம் ரபி யெகூதா சொன்னபடி இல்லை என்று சொல்பவர் வந்தால்தான் இனி விருந்து. மத்தியகால ஐரோப்பிய உரையாசிரியர்கள் காரணம் சொல்கிறார்கள்: கடமைப்பட்டவனுக்குத் தவறிவிடுவோமோ என்ற கவலை இருக்கிறது, மற்றவன் எந்த நிமிஷமும் விட்டுவிட்டுப் போகலாம். என் வாதத்துக்கு இது பாதகமான சாட்சி. மறைப்பதற்கில்லை. விருப்பத்தின் சுகத்தை நன்றாக அறிந்த மனிதர் அதைக் கடமைக்குக் கீழே வைக்கிறார். இரண்டு நிலையிலும் அவர் விருந்து வைக்கத் தயாராக இருந்தார் என்பதை மட்டும் பதிலாகச் சொல்லிக்கொள்கிறேன்.

விருப்பம் எப்போதும் விருப்பமாகவே நிற்பதுமில்லை. இரவுப் பிரார்த்தனை கட்டாயமா இல்லையா என்று ரபான் கமலியேலுக்கும் ரபி யோசுவாவுக்கும் வந்த சச்சரவில் கமலியேலின் தலைமைப் பதவியே போயிற்று. பிற்பாடு சமூகம் அந்தப் பிரார்த்தனையைத் தானாகவே கட்டாயமாக்கிக்கொண்டது. ஹனுக்காவிலும் அதே கதை. ஒரே விளக்கோடு நிறுத்துகிறவர்களை இன்று காண்பது அரிது. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் இருந்த மோசஸ் இஸ்ஸர்லெஸ் வீட்டில் ஒவ்வொருவரும் ஏற்றுவதே வழக்கம் என்று எழுதிவைத்தார். ஐந்து பேர் உள்ள வீட்டில் 8 விளக்கு போதுமென்றிருந்த இடத்தில் 180. மேல்தளம் தரையாகிவிட்டது.

அப்போது சந்தோஷம் எங்கே போயிற்று? பெண்களிடம் போயிற்று என்று நினைக்கிறேன். நேரத்தோடு கட்டுண்ட கட்டளைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து அவர்களுக்கு விலக்கு. ஆகவே அவர்களுக்குக் காலியிடம் அதிகம் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவில் அவர்கள் இட்டிஷ் மொழியில் தங்களுக்கென்று பிரார்த்தனைகள் வைத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் சாரா பஸ் தோவிம் இயற்றிய 'மூன்று வாசல்கள்' அவற்றில் பேர்போனது. யோம் கிப்பூருக்கு முன் பெண்கள் கல்லறைகளை நூலால் அளப்பார்கள். அந்த நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து, செத்துப்போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித் திரியாகப் போடுவார்கள். ஆதித்தாய் சாராவுக்கும் ஓர் இழை, தன் பாட்டிக்கும் ஓர் இழை. பிறகு அதன்மேல் மெழுகு வார்ப்பார்கள். இதைச் செய் என்று தோராவில் எங்கும் சொல்லவில்லை.