கனலில் சுழலும் கம்பி

காஞ்சிபுரம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருபவை எவை? பட்டுச் சேலை, கோயில் கோபுரங்கள், மிளகும் சுக்கும் மணக்கும் வரதராசப் பெருமாள் கோயில் இட்லி. மாலையில் கடைத்தெருப் பக்கம் நடந்தால் வேறொரு காட்சியும் கண்ணில் படும். கண்ணாடிப் பெட்டிக்குள், சிவந்த அனலுக்கு முன்னால், கம்பியில் கோத்த கோழிகள் மெல்லச் சுழன்று கொண்டிருக்கும். "இது நேற்று வந்த அயல்நாட்டுப் பழக்கம், நம் ஊருக்கு ஒவ்வாதது" என்று என் மாணவர்களில் சிலர் சொல்வதுண்டு. சுழற்றும் இயந்திரம் வெளியிலிருந்து வந்தது என்பது மெய்தான். ஆனால் கனலும் கம்பியும்?

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் புலவர் விடாமல் சொல்லி விடுகிறார். உழவர் வீட்டில் வெண்ணெல் சோற்றுடன் வீட்டில் வளர்த்த பெட்டைக் கோழியின் 'வாட்டு'. வலைஞர் குடியிருப்பில் கள்ளுடன் மீன் 'சூடு'. வாட்டியது வாட்டு, சுட்டது சூடு. அந்தணர் இல்லத்திலோ நெல்லரிசிச் சோறும், மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும், மாங்காய் ஊறுகாயும். காஞ்சிக்குச் செல்லும் ஒரே சாலையில் இரண்டு வகை விருந்தும் இருந்தன. புலவருக்கு இரண்டும் பாடத் தக்கவையே.

கம்பி எங்கே என்கிறீர்களா? கரிகால் வளவனைப் பாடும் பொருநராற்றுப்படையில் இருக்கிறது. அங்கே கொழுத்த இறைச்சித் துண்டுகளைக் 'காழில்', அதாவது கம்பியில், கோத்துச் சுட்டுத் தருகிறார்கள். சூடு தாங்காமல் பொருநன் துண்டை வாயின் இப்புறமும் அப்புறமுமாக மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்கிறான். இறைச்சியின் எடையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் இருக்கிறது. நீரின் வெப்ப ஏற்புத்திறன் மிக அதிகம். மேல்தோல் ஆறிய பிறகும் உள்ளே சூடு அடங்கியிருப்பது அதனால்தான். புலவர் இயற்பியல் படித்தவர் அல்லர், பசித்தவனைப் பார்த்தவர்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் வேடர் திண்ணனார் செய்வதும் இதுவே. பன்றி இறைச்சியை அம்பில் கோத்துத் தீயில் காய்ச்சுகிறார். வெந்ததா, சுவைக்கிறதா என்பதை நாவில் இட்டுப் பார்க்கிறார். வெப்பமானி இல்லாத காலத்தில் நாக்கே கருவி.

இந்த எடுத்துக்காட்டுகளில் கம்பியிலும் அம்பிலும் கோத்தவை முழு உடல் அல்ல, துண்டுகள் என்பதைக் கவனியுங்கள். கம்பியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

தணல் இறைச்சியைச் சுடுவது பெரும்பாலும் வெப்பக் கதிர்வீசலால். அக்கதிர்வீசல் தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1879இல் ஸ்டெபான் கண்டறிந்தார். 700 டிகிரி செல்சியஸில் (973 கெல்வின்) ஒளிரும் கங்கு 500 டிகிரிக்குத் (773 கெல்வின்) தணிந்தால், வீசும் வெப்பம் ஏறத்தாழ 40 விழுக்காடாகக் குறைந்துவிடும். கணக்கிட்டுப் பாருங்கள். கரி அடுப்புக்காரர் விசிறியைக் கீழே வைக்காததன் காரணம் இதுவே.

கதிர்கள் மேற்பரப்பில் நின்றுவிடுகின்றன. உள்ளே செல்லும் வேலை வெப்பக் கடத்தலுடையது. இறைச்சியோ நன்கு கடத்தாத பொருள். வெப்பம் ஊடுருவ ஆகும் நேரம் ஆழத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 1 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 10 நிமிடம் என்றால், 3 சென்டிமீட்டருக்கு 30 அல்ல, 90 நிமிடம்! அத்தனை நேரம் ஒரே பக்கத்தை அனலுக்குக் காட்டினால் அது கரிக்கட்டைதான். இதற்கு இரண்டே வழிகள். சிறு துண்டுகளாக அரிந்து கொள்ளலாம். பொருநனுக்கு விருந்தளித்தவர்கள் செய்தது இது. அல்லது பெரிய துண்டை இடைவிடாமல் சுழற்றலாம். ஒரு பக்கம் அனலைக் காணும்போது மறுபக்கம் இளைப்பாறும். ஏறிய வெப்பம் மெல்ல உள்ளே நகரும். உருகிய கொழுப்பு சொட்டிவிடாமல் உருளையைச் சுற்றி வழிந்து மேற்பரப்பை நனைக்கும்.

ஐரோப்பியச் செல்வர் மாளிகைகள் இரண்டாம் வழியில் சென்றன. முழுத் தொடையை மணிக்கணக்கில் சுழற்ற வேண்டும், யார் சுழற்றுவது? முதலில் அடுப்பருகே வெந்து நின்ற சிறுவர்கள். பிறகு நாய்கள். இங்கிலாந்தில் சக்கரத்துக்குள் ஓடிக் கம்பியைச் சுழற்றும் குட்டைக்கால் நாய்களைப் பற்றி 1576இல் வெளிவந்த நூலே பேசுகிறது. இயந்திரங்கள் வந்தபின் அந்த இனமே அற்றுப்போயிற்று. பதப்படுத்திய உடல் ஒன்று வேல்சில் உள்ள ஆபர்கவெனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லியனார்டோ டா வின்சி இதைவிட அழகான வழியை வரைந்தார். புகைபோக்கியினுள் ஒரு விசிறிச் சக்கரம். மேலெழும் சூடான காற்று அதைச் சுழற்றும். பற்சக்கரங்கள் வழியே கம்பி சுழலும். தீ கூடினால் சுழற்சியும் கூடும், குறைந்தால் குறையும். தன்னைத்தானே கட்டுப்படுத்தும் பொறி! டமாஸ்கசில் பிறந்த வானியலார் தகியுத்தீன் 1551இல் எழுதிய நூலில், நீராவித் தாரை தகடுகளில் மோதிக் கம்பியைச் சுழற்றும் அமைப்பை விளக்கினார். நீராவிச் சுழலியின் முன்னோடிகளில் ஒன்று இறைச்சி சுடப் பிறந்தது என்றால் வியப்பாக இல்லையா? மின்னாக்கத்துக்கு ஏற்ற சுழலியை பார்சன்ஸ் செய்து முடித்தது 1884இல். இன்று கடைத்தெருவில் கோழியைச் சுழற்றும் சிறு மோட்டாருக்கு வரும் மின்சாரத்தில் அனல்மின் நிலையச் சுழலிகளின் பங்கும் கலந்திருக்கிறது. நீராவி மீண்டும் கம்பிக்கே வந்து சேர்ந்திருக்கிறது!

கம்பி செங்குத்தாக நின்றதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுத் துருக்கியில் பரவிய அந்த முறையின் வழிவந்ததே ஷவர்மா. அடுக்கிய இறைச்சியின் வெளிப்பக்கம் வேக வேக அதைச் சீவித் தருவார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயது மாணவி ஒருவர் இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கெட்டுப்போக வழிகள் பல உண்டு. ஆனால் மேலே சொன்ன இருமடிக் கணக்கை இங்கும் போட்டுப் பாருங்கள். அடுக்கு தடிமனாக இருந்து அனலும் மந்தமாக இருந்தால், உட்புறம் நெடுநேரம் 5 முதல் 60 டிகிரி வரையான வெதுவெதுப்பிலேயே கிடக்கும். நுண்ணுயிர்கள் பெருக அதுவே ஏற்ற இடம். கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். மேற்பரப்பின் பொன்னிறம் இதற்குச் சான்றாகாது. அந்த நிறம், 1912இல் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலார் விளக்கிய, சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையிலான வினையால் வருவது. நீர் வற்றிய தோல் 140 டிகிரியைத் தாண்டும்போது அவ்வினை விரைவாக நடக்கும். உள்ளே பச்சையாக இருந்தாலும் நடக்கும்.

கடைக்குப் போனால் இன்னொன்றையும் பாருங்கள்: அனல் கோழிக்குக் கீழே இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? கீழே இருந்தால் கொழுப்பு கங்கில் சொட்டிப் புகையும். அப்புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் தூண்டும் பொருள்கள் உண்டாகி இறைச்சியில் படியும். பழைய ஐரோப்பியச் சமையலறைகளில் கம்பி தீயின் மேல் அல்ல, தீயின் எதிரே நின்றது. சொட்டும் கொழுப்பைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் அனலைப் பின்சுவரில் வைத்தவர்களும் இதே வழியைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள்.