அலைவாயில் கரையேறுதல்

கரையருகே அலைகள் முறியும் பகுதியைக் கடந்து, சிறு கலத்தைக் கவிழாமல் மணலில் ஏற்றும் கடலோட்டத் திறன்.

கலம் அலைக்குக் குறுக்காகத் திரும்புவதே பெரிய ஆபத்து. ஆகவே அலை முறியுமிடத்துக்கு வெளியே காத்திருந்து, பெரிய அலைகள் கடந்ததும் கடைசி அலையின் முதுகைத் தொடர்ந்து வருவர். காலால் மிதித்து ஓட்டும் கயாக்கில் கூடுதல் கவனம் வேண்டும். 1997இல் அறிமுகமான ஹோபி மிராஜ் டிரைவ் போன்ற மிதி இயக்கிகளின் துடுப்பிதழ்கள் கலத்துக்குக் கீழே நீள்வதால் மணலில் குத்திச் சேதமடையும். ஆழம் குறையுமுன் இதழ்களை அடிப்பகுதியோடு ஒட்ட மடித்து, சுக்கானைத் தூக்கி, கைத்துடுப்பால் வருவதே சரி. கவிழ்ந்தால் கலத்தின் கடற்பக்கம் நிற்க வேண்டும். கரைப்பக்கம் நின்றால் அடுத்த அலை கலத்தை ஆள்மீதே எறியும்.

சோழமண்டலக் கரையில் இத்திறன் மிகப் பழையது. துறைமுகமில்லாத அக்காலச் சென்னையில் கப்பல் பயணிகளை மசூலாப் படகுகளே கரைசேர்த்தன. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்த அவற்றின் பலகைகள், தரை மோதும்போது வளைந்துகொடுத்தன; இதுவே அக்கலத்தின் அருமை. தவறி விழுந்தோரை மீட்கக் கட்டுமரங்கள் உடன்வந்ததுண்டு.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள யான் கரை வேறு வகை. இந்தியப் பெருங்கடலின் பேரலைகளைச் சுமாத்திரா தடுப்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. அங்கே ஓதம் வற்றும்போது விரியும் சேறே துடுப்பிதழ்களுக்குத் தடை.