இசை நாடகம் படிக்க எந்தக் கல்லூரி? - சங்கரன்கோவில் சுற்றுவட்டாரம் சொல்லும் சரித்திரம்

சங்கரன்கோவில் என்றதும் எல்லோருக்கும் ஆடித்தபசு ஞாபகம் வரும். சங்கரநாராயணர், கோமதி அம்மன், புற்றுமண், விசைத்தறி. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019ல் தென்காசி மாவட்டத்தோடு சேர்ந்த ஊர். ஆனால் இந்த ஊரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், தமிழ் நாடக மேடையின் பெரிய பெயர்கள் பல அதற்குள் வந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

பக்கத்திலேயே சென்னிகுளம். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் ஊர். தென்மேற்கே செங்கோட்டை, எஸ்.ஜி.கிட்டப்பா பிறந்த இடம். வடகிழக்கே சிவகாசி, விஸ்வநாததாஸ் பிறந்த இடம். தென்கிழக்கே தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டி. நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867ல் அங்கேதான் பிறந்தார்.

இவர்களில் ஒருவர்கூட நாடகக் கல்லூரியில் படித்தவர் இல்லை. அப்போது அப்படி ஒரு கல்லூரியே கிடையாது. அப்படியானால் பாடிக்கொண்டே நடிக்கும் இந்தக் கடினமான கலையை எங்கே கற்றார்கள்? இன்றைக்கு நல்ல குரல் உள்ள ஒரு சங்கரன்கோவில் பையனோ பெண்ணோ இதைப் படிக்க ஆசைப்பட்டால் எங்கே போவது? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே சரித்திரத்தில் இருக்கிறது.

1891 என்ற ஆண்டு

தமிழ் நாடகத்தில் 1891 ஒரு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் பெ.சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சில் வந்தது. அது செய்யுளில் எழுதப்பட்ட நாடகம், மேடையில் பார்ப்பதைவிடப் புத்தகத்தில் படிக்கவே ஏற்றது. அதே ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் நடித்த சபை அது. அதே ஆண்டில்தான் அண்ணாமலை ரெட்டியார் இளம் வயதிலேயே இறந்து போனார்.

அதை ஒட்டிய காலத்தில், தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு வேலை பார்த்த சங்கரதாஸ், 24 வயதில் வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார்.

இங்கே ஒரு பிரிவு தெரிகிறது. படித்தவர்கள் கையில் நாடகம் இலக்கியமாகவும் கௌரவமான பொழுதுபோக்காகவும் ஆயிற்று. ஊர் ஊராகப் போய்ப் பாடி நடிக்கும் நாடகம், "கூத்தாடிப் பிழைப்பு" என்று ஏளனம் செய்யப்பட்டது. கல்லூரிக்குப் போனவர் அந்த மேடைக்கு வரவில்லை. அந்த மேடையில் இருந்தவர் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. இந்தப் பிரிவின் விளைவை இன்றும் பார்க்கலாம்.

கம்பெனிதான் கல்லூரி

சங்கரதாஸ் சுவாமிகள் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். தாளத்தில் மேதையான புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் லயம் கற்றவர். ஆரம்பத்தில் இரணியன், இராவணன், எமன் வேஷங்களில் நடித்தார். பிறகு நடிப்பை நிறுத்திவிட்டு எழுதுவதிலும் கற்றுக்கொடுப்பதிலும் இறங்கினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று சுமார் 40 நாடகங்கள் அவர் பெயரில் உள்ளன.

1918ல் மதுரையில் சிறுவர்களை வைத்து அவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பெயரிலேயே "வித்துவ" இருக்கிறது! உண்மையில் அது ஒரு தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம்தான். பையன்கள் ஒரே வீட்டில் தங்கி, சாப்பிட்டு, ஹார்மோனியத்தோடு பாட்டுப் பாடம் கேட்டு, வசனம் மனப்பாடம் செய்து, இரவு மேடை ஏறினார்கள். மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாட வேண்டும். சொற்கள் தெளிவாக விழ வேண்டும். தாளம் தவறக் கூடாது. இதையெல்லாம் தனித்தனி ஆசிரியர்கள் தனித்தனிப் பாடமாக நடத்தவில்லை. நாடக வாத்தியார் ஒருவரே எல்லாவற்றையும் கற்றுத் தந்தார்.

அந்தக் கம்பெனியில் ஆறு வயதில் சேர்ந்த டி.கே.சண்முகம், பிற்காலத்தில் அண்ணன் தம்பிகளோடு டி.கே.எஸ். நாடகக் குழுவை நடத்தினார். அவருக்காகவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பிரசித்தமான செய்தி.

ஒரு ஒப்பீடு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகம் நாடகத்துக்குப் பட்டம் தரும் படிப்பைத் தொடங்கியது 1914ல். நான்கே ஆண்டுகள் கழித்து மதுரையில் சுவாமிகளின் கம்பெனி வந்தது. காலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அங்கே படித்தவருக்குப் பட்டம் கிடைத்தது. இங்கே படித்தவருக்குப் பட்டமும் இல்லை, சமூகத்தில் மரியாதையும் இல்லை.

கம்பெனியை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

பெரும்பாலும் மாணவன் தேர்ந்தெடுக்கவில்லை. கம்பெனிக்குள் வந்தவர்களின் கதைகளைப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி வறுமை. எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் தகப்பனாரை இழந்து கும்பகோணத்தில் கஷ்டப்பட்டபோது, மூன்று வேளைச் சோறு கிடைக்கும் என்றுதான் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள்.

இரண்டாவது வழி குடும்பம். டி.கே.சண்முகத்தின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் நடிகர். தகப்பன் இருந்த இடத்துக்குப் பிள்ளைகளும் வந்தார்கள்.

மூன்றாவது வழி ஆசை. சிறுவன் கணேசன் கட்டபொம்மன் நாடகத்தைப் பார்த்து மயங்கி, தான் ஒரு அனாதை என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்தான். அவர்தான் பின்னாளில் சிவாஜி கணேசன்.

பெண்களுக்கு பாய்ஸ் கம்பெனிகளில் இடமே இல்லை. பெண் வேஷத்தையும் பையன்களே போட்டார்கள். பாலாமணி அம்மாள் போன்றவர்கள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தினார்கள். கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து மேலே வந்தார். ஆனால் இந்த வழியில் போக ஒரு பெண் ஊர்ப் பேச்சையும் தாங்க வேண்டியிருந்தது.

சாதியும் குறுக்கே நின்றது. முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்த விஸ்வநாததாஸோடு சேர்ந்து நடிக்கச் சில நடிகைகள் மறுத்தது பதிவாகியிருக்கிறது. தேசியப் பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் விட்டார்.

மகரக்கட்டு என்ற பரீட்சை

கம்பெனிப் படிப்பில் ஒரே ஒரு பெரிய பரீட்சை இருந்தது. அதில் தேறுவது மாணவன் கையில் இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களின் குரல் உடையும். நாடக உலகில் இதற்கு மகரக்கட்டு என்று பெயர். நேற்று வரை ராஜபார்ட்டாகக் கைதட்டு வாங்கியவன், இன்று வாயைத் திறந்தால் கரகரப்பு.

குரல் போனால் வேஷமும் போகும். சிலர் சின்ன வேஷங்களுக்கு இறங்கினார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள். பி.யு.சின்னப்பா குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்கு வந்து, முறையாகச் சங்கீதம் கற்று, சிலம்பமும் பழகினார். பின்னால் சினிமாவில் பெரும் நட்சத்திரமானார். ஆனால் ஒரு சின்னப்பாவுக்குப் பின்னால் பெயர் தெரியாமல் போன பையன்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடப் படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. பாய்ஸ் கம்பெனியின் பெருமையைப் பேசும்போது இந்தப் பக்கத்தை மறைத்துவிடக் கூடாது.

1931ல் காளிதாஸ் வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. பாடத் தெரிந்த நடிகர்கள் சினிமாவுக்குப் போனார்கள். கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

கல்லூரி வந்தது, பாட்டு எங்கே போனது?

சுதந்திரத்துக்குப் பின் நாடகத்துக்குக் கல்வி நிலையங்கள் வந்தன. 1959ல் டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே படித்து வந்தவர்களில் ஒருவர் நாங்குநேரி சே.இராமானுஜம். அவர் பின்னாளில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பள்ளி தொடங்கியபோது எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதன் பொறுப்பில் இருந்தார். அந்தப் பள்ளிக்கு வைக்கப்பட்ட பெயர் சங்கரதாஸ் சுவாமிகள். கடைசிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சை இழந்த சுவாமிகள், 1922ல் மறைந்ததும் அதே புதுச்சேரியில்தான்.

ஆனால் இந்த நிலையங்களில் முதலிடம் பெற்றது நவீன நாடகம். உடல்மொழி, இயக்கம், ஒளியமைப்பு, உலக நாடக வரலாறு எல்லாம் நன்றாகக் கிடைக்கும். இன்னொரு பக்கம் அரசு மாவட்ட இசைப் பள்ளிகள். திருநெல்வேலியிலும் ஒன்று உண்டு. அங்கே குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதம் கற்கலாம். நாடகம் பாடத்தில் இல்லை.

ஆக, பாட்டு ஓரிடம், நடிப்பு ஓரிடம். அமெரிக்காவில் சின்சினாட்டி இசைக் கல்லூரி 1968லேயே பாட்டு, நடிப்பு, நடனம் மூன்றையும் சேர்த்து இசை நாடகத்துக்கென்று தனிப் படிப்பை ஆரம்பித்தது. சுவாமிகள் ஒரே வீட்டுக்குள் நடத்தியதும் கிட்டத்தட்ட அதுதான். நாம் அதைப் பிரித்து இரண்டு வாசலாக்கி விட்டோம்.

இசை நாடகம் செத்துவிட்டதா என்றால், இல்லை. தென்மாவட்டத்துக் கோவில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதால் மேடையிலேயே சந்தித்து ஆடிவிடுகிறார்கள். இவர்கள் தொழில் கற்றது மூத்த கலைஞர்களிடம்தான்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

புதிய நாடகங்களை இயக்கவும் ஆராயவும் விரும்புகிறவர்களுக்குப் புதுச்சேரி, தஞ்சாவூர், டெல்லி பொருந்தும். இதில் டெல்லிக்குப் போக முதலில் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். மேடையில் பாடி நடிக்கத்தான் ஆசை என்றால் முதலில் குரலுக்கு ஒரு முறையான ஆசிரியர் வேண்டும். அதோடு ஸ்பெஷல் நாடகக் கலைஞர் ஒருவரிடம் பாடமும் கேட்க வேண்டும். கூடவே ஒரு சாதாரணப் பட்டப் படிப்பையும் விடாமல் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மகரக்கட்டில் சிக்கிக் காணாமல் போன அந்தப் பையன்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். இங்கே வாத்தியார் யார்? குரல் தவறினால், மேடை கிடைக்காவிட்டால், இந்தப் படிப்பு மாணவனைக் காப்பாற்றுமா? நூறு வருஷத்துக்கு முன்னால் பிள்ளையைக் கம்பெனியில் விட்டுவிட்டு வந்த தாய் தகப்பன் முதல் கேள்வியை எப்படியாவது விசாரித்திருப்பார்கள். இரண்டாவதைக் கேட்க அவர்களுக்கு வசதி இல்லை. இன்று படிக்கப் போகிறவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது.