அண்மையே அனுமதியாகும்போது: இணைய இணைப்புள்ள கார்களின் உள்வலையமைப்புப் பாதுகாப்பு

அலைபேசி மோடம், புளூடூத், வைஃபை, சாவியோடு பேசும் குறுந்தொலைவு அலைகள், டயரின் காற்றழுத்தத்தை அறிவிக்கும் உணரிகள் எனப் பல வானொலி வழிகள் இன்றைய காருக்குள் நுழைகின்றன. இவற்றால் நேரும் ஆபத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அலைகளின் குறியாக்கம் எவ்வளவு வலுவானது என்ற வினாவோடு நின்றுவிடுகிறது. அவ்வினா தேவையானதே, ஆனால் ஆபத்தின் வேரை அது தொடுவதில்லை. அருகில் இருப்பவர் உரிமை உள்ளவர் என்ற பழைய அனுமானத்தின் மீது காரின் உள்ளமைப்பு கட்டப்பட்டிருப்பதும், அந்த அனுமானத்தை மாற்றாமலே வானொலி அதனுடன் இணைக்கப்பட்டதுமே மூலக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

காரின் என்ஜின், பிரேக், ஸ்டீயரிங் முதலியவற்றை ஆளும் சிறு கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் கம்பி வலையமைப்பு 'கேன்' எனப்படும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இதனை 1986இல் அறிமுகப்படுத்தியது. இவ்வலையமைப்பில் ஒரு கணினி அனுப்பும் செய்தி எல்லாக் கணினிகளையும் சென்றடையும். செய்தியின் தலைப்பில் உள்ள எண் அதன் பொருளையும் முன்னுரிமையையும் குறிக்குமேயன்றி, அனுப்பியது யார் என்பதற்குச் சான்றாகாது. ஒரு செய்தி சுமக்கும் தரவு 8 பைட்டுக்கு மேற்படாது என்பதால், அனுப்புநரை மெய்ப்பிக்கும் குறியீட்டைச் சேர்க்க அதில் இடமும் அரிது. வடிவமைத்தவர்களை இதற்காகக் குறைகூறுவது நியாயமாகாது. காரின் கதவைத் திறந்து கம்பியைத் தொட்டாலன்றி அவ்வலையமைப்பை எவரும் அணுக முடியாத காலம் அது.

அந்நிலை மாறிவிட்டது என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வுகள் வெளிப்படுத்தின. காருக்குள் கருவியை இணைத்து பிரேக்கை முடக்கலாம் என 2010இல் காட்டிய அக்குழு, புளூடூத், அலைபேசித் தொடர்பு ஆகியவற்றின் வழியே, காரைத் தொடாமலே அதே கட்டுப்பாட்டைப் பெறலாம் என 2011இல் நிறுவியது. எனினும் பொதுமக்களின் கவனம் இதன்பால் திரும்பியது 2015 ஜூலையில், சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவிலிருந்து வேகமிழக்கச் செய்தபோதுதான்.

அத்தாக்குதல் நடந்த வழி நுணுகி நோக்கத்தக்கது. அந்தக் காரின் பாட்டு, வழிகாட்டி முதலியவற்றை இயக்கும் 'யூகனெக்ட்' கருவி ஸ்பிரிண்ட் நிறுவனத்தின் அலைபேசி வலையமைப்பில் இணைந்திருந்தது. அதன் உள்நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான சேவை வாயில் ஒன்று, கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அவ்வலையமைப்பை நோக்கித் திறந்து கிடந்தது. ஆயினும் அவ்வளவில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது பாட்டையும் திரையையும் ஆளும் வாய்ப்பு மட்டுமே. கேன் வலையமைப்போடு பேசும் உரிமை அக்கருவிக்குள்ளேயே இருந்த வேறொரு சில்லுக்குத்தான் இருந்தது. அச்சில்லின் நிலைபொருளை, அதாவது அதனுள் நிலையாகப் பதிக்கப்பட்ட அடிப்படை நிரலை, பாட்டையும் திரையையும் ஆளும் முதற் சில்லாலேயே மாற்றியெழுத முடிந்தது. புதிய நிரல் உற்பத்தியாளரிடமிருந்து வந்ததா என்பதைச் சரிபார்க்கும் மின்னொப்பச் சோதனை அங்கே இல்லை. வாயில் திறந்திருந்தது கவனக்குறைவு. ஒப்பச் சோதனை இல்லாதது, காருக்குள் இருந்து வரும் எதையும் ஐயுற வேண்டியதில்லை என்ற வடிவமைப்புக் கொள்கையின் விளைவு. இரண்டாவதே பெருங்குறை. வானொலி வாயிலை ஸ்பிரிண்டால் தன் வலையமைப்பில் அடைத்துவிட முடிந்தது. உள்ளிருந்த நம்பிக்கையை அவ்வாறு அடைக்க முடியவில்லை.

இத்தகைய தாக்குதலுக்கு நீண்டகால உழைப்பும் அரிய திறனும் வேண்டும் என்பதால் ஆபத்து மிகைப்படுத்தப்படுகிறது என்போர் உண்டு. முதன்முறை செய்து காட்டுவதற்கு அவ்வுழைப்பு வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒருமுறை எழுதிய நிரல், ஒரே மென்பொருளைச் சுமக்கும் எல்லாக் கார்களிலும் இயங்கும். ஜீப் தாக்குதலுக்குப் பின் 14 இலட்சம் வண்டிகளை உற்பத்தியாளர் திரும்ப அழைக்க நேர்ந்தது இதனாலேயே. ஆதாயம் தெளிவாக உள்ள இடத்தில் திறன் எவ்வாறு பரவுகிறது என்பதற்குச் சாவித் திருட்டு சான்றாகும். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை இரு கருவிகள் வழியே வாசலில் நிற்கும் காருக்குக் கடத்தினால் கார் திறந்துகொள்ளும் என்பதை சூரிக் தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் பத்துக் கார் மாதிரிகளில் மெய்ப்பித்தனர். ஆய்வகச் சோதனையாக அறிவிக்கப்பட்ட அம்முறை பின்னாளில் திருடர்களின் அன்றாடக் கருவியாயிற்று. அங்கும் குறியாக்கம் உடைக்கப்படவில்லை. சாவியின் அலை எட்டுவதே அது அருகில் இருப்பதற்குச் சான்று என்ற அனுமானமே முறிந்தது.

எனவே தீர்வும் உள்ளிருந்தே தொடங்க வேண்டும். பொழுதுபோக்குக் கருவியையும் பிரேக்கையும் பிரித்து, இடையில் செல்லத்தக்க செய்திகளை மட்டும் விடும் நுழைவி, ஒப்பமிடப்படாத நிரலை ஏற்காத சில்லுகள், செய்திதோறும் அனுப்புநரை மெய்ப்பிக்கும் குறியீடு ஆகியவை செயற்படுத்தத்தக்கவையே. ஒரு செய்தியில் 64 பைட் வரை சுமக்கும் கேனின் புதிய வடிவம் வந்தபின் இடமில்லை என்ற தடையும் நீங்கிவிட்டது. இவை உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட காலத்தில் வேகம் பெறவில்லை. ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதி 155, இணையப் பாதுகாப்பை வண்டியின் ஒப்புதலுக்கே நிபந்தனையாக்கியது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய கார்களுக்கு அது கட்டாயம்.

வானொலியையே நீக்கிவிடலாம் என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று. பழுதுநீக்கமும் அதே வழியில்தான் வருகிறது. 2015இல் பிஎம்டபிள்யூ, 22 இலட்சம் வண்டிகளில் கண்ட குறியாக்கக் குறையை அலைவழியாகவே சரிசெய்தது. ஜீப் உரிமையாளர்களோ அஞ்சலில் வந்த யுஎஸ்பி கருவியைத் தாமே செருக வேண்டியிருந்தது. ஆனால் அவ்வழியின் ஆயுள் காரின் ஆயுளைவிடக் குறுகியது. 2022இல் அமெரிக்க நிறுவனங்கள் மூன்றாம் தலைமுறை அலைபேசிச் சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த கார்கள் பல தம் இணைப்பை இழந்தன. ஒரு காருக்கு எந்த ஆண்டுவரை, எவ்வழியாகப் பாதுகாப்புத் திருத்தம் வழங்கப்படும் என்பதை விற்பனையின்போதே எழுத்தில் உறுதியளிக்குமாறு உற்பத்தியாளரைச் சட்டம் பணிக்க வேண்டும். பழைய காரை இரண்டாம் கையாக வாங்குபவரையும் அவ்வுறுதி கட்டாயம் சென்றடைய வேண்டும்.