புளியந்தீவில் மதில் எழுந்த கதை

மட்டக்களப்புக் கோட்டையின் முற்றுகையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 1638 மே மாதம், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் பீரங்கிகள், வாவிக்கரையில் இரண்டாம் இராசசிங்கனின் படை. ஆனால் அந்த மதில் அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் இன்னும் 35 வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. போனால் அங்கே ஒல்லாந்தக் கப்பல் தலைவர் செபால்ட் டி வீர்ட் நிற்கிறார். அவரைத் தாண்டி வருவது எனக்கு எப்போதுமே கஷ்டம்.

மதிலைச் சொல்லிவிடுகிறேன். புளியந்தீவின் விளிம்பில், இரண்டு பக்கம் வாவித் தண்ணீர், மற்ற இரண்டு பக்கம் அகழி, மூலைக்கொரு கொத்தளம். கச்சேரி நீண்டகாலம் இயங்கியது இதற்குள்தான். 1628இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இதைத் தொடங்கினார். திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டி முடித்த பிறகு இங்கே வந்தவர். பெரிய வீரர் என்று அவருடைய ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வீரம் இருந்தது, மறுக்கவில்லை. கோயிலை இடித்த கையை நான் கும்பிட மாட்டேன்.

கடலிலிருந்து வரும் எதிரிக்காகக் கட்டியது என்றுதான் கோட்டையைப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். டி சாவின் கணக்கு அது மட்டுமல்ல. கண்டி மன்னனுக்குக் கிழக்கே கடலைத் தொட இருந்த வாசல்கள் முக்கியமாக இரண்டு: திருகோணமலை, மட்டக்களப்பு. இரண்டையும் அடைத்துவிட்டால் மலைநாட்டுக்கு வெளியிலிருந்து துப்பாக்கியும் வராது, தூதனும் வரமாட்டான். கண்டியின் சொந்த எல்லைக் காவல் வேறு மாதிரி: காடு, கணவாய், கணவாயில் முள் கட்டிய வாயில், அதற்கொரு காவல்காரன். ஏறக்குறைய இருபது வருடம் அங்கே சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ் அந்த முள்வாயில்களை விவரித்திருக்கிறார். மன்னன் தன் நாட்டைச் சுற்றி முள்ளால் அடைத்தான். டி சா அவனைச் சுற்றிக் கல்லால் அடைத்தார்.

இனி டி வீர்ட். அன்வேர்ப்பில் பிறந்தவர். 1598இல் றொட்டர்டாமிலிருந்து மகெல்லன் நீரிணைக்குப் புறப்பட்ட ஐந்து கப்பல்களில் ஒன்றின் தலைவர். அந்தப் பயணத்தில் ஒரு கப்பல் அலைந்து திரிந்து ஜப்பானில் போய் ஒதுங்கியது. ஆங்கில மாலுமி வில்லியம் அடம்ஸ் அதில்தான் போனார். ஊர் திரும்பிய ஒரே கப்பல் டி வீர்ட்டுடையது. வழியில், 1600 ஜனவரியில், போக்லாந்துக்கு வடமேற்கே சில தீவுகளைக் கண்டார். வெகுகாலம் அவை அவர் பெயரால்தான் வரைபடத்தில் இருந்தன. பசியும் பனியும் தின்றது போக எஞ்சியவர்களோடு வீடு சேர்ந்த மனிதர், இரண்டு வருடத்துக்குள் மறுபடி கப்பலேறுகிறார். இந்த முறை புதிதாகப் பிறந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக, மட்டக்களப்புக்கு.

அவருக்கு முன்பே, 1602 மே கடைசியில், ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இங்கே இறங்கி, கண்டிக்குப் போய் மன்னன் விமலதர்மசூரியனின் நட்பைச் சம்பாதித்திருந்தார். விதை ஊன்றியாயிற்று, அறுக்க வந்தவர் டி வீர்ட். அவரும் கண்டிக்குப் போனார். நீங்கள் கடலில், நான் தரையில், போர்த்துக்கேயரை விரட்டுவோம் என்று பேச்சு முடிந்தது. சுமாத்திராவின் அச்சேக்குப் போய்க் கூடுதல் கப்பல்களோடு 1603இல் திரும்பினார்.

வரும் வழியில் நான்கு போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்தவர், பிடிபட்டவர்களை விட்டுவிட்டார். மன்னனுக்கு இது பொறுக்கவில்லை. தன் பரம எதிரியைக் கையில் வைத்திருந்து கைவிட்டவன் எப்படி நண்பன்? போதாததற்கு ஒல்லாந்த மாலுமிகள் கரையில் மாடு அறுத்துத் தின்றார்கள். ஊர் கொதித்தது.

அப்படியிருந்தும் மன்னன் மட்டக்களப்புக்கு வந்தான். விருந்து. வைன் ஓடியது. கப்பலைப் பார்க்க வாருங்கள் என்று டி வீர்ட் அழைத்தார். சந்தேகப்பட்ட மன்னன் மறுத்தான், அரசி தனியாக இருப்பதாகவும் சொன்னான். வெறியேறிய டி வீர்ட், அரசிக்குத் துணைக்கு ஆளா கிடைக்காது என்ற தொனியில் ஏதோ உளறினார். நாயைக் கட்டுங்கள் என்றான் மன்னன். கட்டவிடாமல் திமிறியவரை அங்கேயே வெட்டினார்கள். கூட வந்த ஏறத்தாழ ஐம்பது பேரும் விழுந்தார்கள். பிறகு கப்பல்களுக்கு மன்னன் அனுப்பிய ஓலை சுருக்கமானது: குடித்தவன் கெட்டான், சமாதானம் வேண்டுமென்றால் சமாதானம், போர் என்றால் போர்.

டி வீர்ட்மேல் எனக்குப் பரிவு உண்டு. மகெல்லன் பனியைத் தாண்டியவன் ஒரு கிண்ணத்தில் தடுக்கி விழுந்தான். ஆனால் தவறு அவருடையதே. அந்த அரசி தோனா கத்தரீனா, ஒரு படையெடுப்பின் சாக்காகவே போர்த்துக்கேயர் கண்டிக்குத் தூக்கிவந்த இளவரசி. அவர் பெயரில் கைவைத்தால் அந்த அரசவை எப்படிச் சும்மா இருக்கும்? நாளது வரை இதை ஒல்லாந்தர் பக்கத்துச் சோகமாகவே எழுதுகிறார்கள். மாட்டைப் பறிகொடுத்த கரையோரத்துக் குடிகளின் பக்கம் யாரும் எழுதவில்லை.

அந்த விருந்து ஒழுங்காக முடிந்திருந்தால் ஒல்லாந்தர் 1603இலேயே வாவியில் காலூன்றியிருப்பார்கள், டி சா புளியந்தீவில் ஒரு கல்லும் வைத்திருக்க முடியாது என்பது என் துணிபு. நடந்ததோ, அவர்கள் பெரும்படையோடு வர 35 வருடம் ஆயிற்று. இடையில் விமலதர்மசூரியன் 1604இல் இறந்தான். கத்தரீனா செனரத்தை மணந்தாள். அவர்களின் மகன்தான் இராசசிங்கன். டி சா 1630இல் ரந்தெனிவெலப் போரில் விழுந்தார். அவர் கட்டிய மதில் மட்டும் நின்றது.

தாயை இகழ்ந்தவனின் நாட்டார் பீரங்கிகளைக் கரையிறக்க, மகன் பக்கத்தில் நின்றான். 1638 மே 18ஆம் தேதி மட்டக்களப்புக் கோட்டை சரணடைந்தது. ஐந்து நாளில் ஒப்பந்தம். போர்ச் செலவை மன்னன் கறுவாவாலும் மற்றச் சரக்காலும் கொடுக்கவேண்டும், வணிகம் ஒல்லாந்தருக்கே என்று எழுதினார்கள். பிடித்த கோட்டையில் யார் காவல் நிற்பது என்ற மூன்றாம் பிரிவில் மன்னன் விரும்பினால் என்ற சொல் ஒரு பிரதியில் இருந்தது, மற்றதில் இல்லை. முற்றுகையையும் அந்த இரண்டு பிரதிகளையும் அடுத்த வாரம் அருகருகே வைத்துப் பார்ப்போம்.