மாமாவின் சைக்கிளும் மகளின் சைக்கிளும்

ஏழாவது படிக்கும் மகள் ஒரு மாதமாக ஒரே பல்லவிதான். "அப்பா, ஸ்கூலுக்கு நான் சைக்கிள்லயே போறேனே!" வீடு கரோல் பாக். பள்ளி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி. மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஊரில் நான் இதைவிட அதிக தூரம் மிதித்தவன். ஆனாலும் "பார்க்கலாம்மா" என்று நழுவிக்கொண்டே இருக்கிறேன். பஞ்ச்குயான் ரோடு சிக்னலை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கீழ்வீட்டு மாமாவிடம் புலம்பினேன். 1957-ல் தஞ்சாவூரிலிருந்து ரயிலேறி வந்து, மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். "ஸ்கூட்டர் வாங்கற வரைக்கும் எனக்கு சைக்கிள்தான்ப்பா. காலம்பற செக்ரடேரியட் பக்கம் சைக்கிள் வெள்ளமா போகும்" என்றார். மாமா கொஞ்சம் அளக்கிறாரோ என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அந்த 1957-லேயே தில்லிப் பயணங்களில் சுமார் 36 சதவீதம் சைக்கிளில்தான் நடந்திருக்கிறது. 1994-ல் அது 7 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

மந்திர் மார்க்கின் பழைய பெயர் ரீடிங் ரோடு. வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் பெயர். 1939-ல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திர்தான் பிறகு சாலைக்கே பெயராகிவிட்டது. 1931-ல் திறக்கப்பட்ட புதுதில்லியின் அகலச் சாலைகளைத் துரைமார்களுக்காகப் போட்டார்கள். கோல் மார்க்கெட் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து அவற்றில் சைக்கிள் மிதித்துப் போனவர்கள் குமாஸ்தாக்கள். தனிப் பாதை யாரும் கேட்கவில்லை. கார்கள் குறைவு, தேவைப்படவில்லை.

1962-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. தில்லியின் முதல் மாஸ்டர் பிளான் வந்தது. அதில் சைக்கிள் பாதைகளுக்கும் இடம் இருந்தது. அதே ஆண்டு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (அந்தக் காங்கிரஸ் இல்லை, பொறியாளர்கள் அமைப்பு!) சைக்கிள் பாதைக்கென்றே விதிமுறை வெளியிட்டது. நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் போகும் சாலையில் 400 சைக்கிள் வந்தால் தனிப் பாதை போடலாம் என்றது அது. மோட்டார் வண்டிகள் 200-ஐத் தாண்டினால் 100 சைக்கிளே போதும் என்றது. அகலம் குறைந்தது 2 மீட்டர்.

பள்ளி விடும் நேரத்தில் மந்திர் மார்க்கில் நின்று பாருங்கள். 200 மோட்டார் வண்டி சில நிமிஷத்தில் தேறிவிடும். நூறு சைக்கிள்? பாதை இல்லை என்று பயந்து நாம் பிள்ளைகளை அனுப்புவதில்லை. சைக்கிளே வரவில்லையே என்று அவர்கள் பாதை போடுவதில்லை.

2008-ல் ஒரு முயற்சி நடந்தது. அம்பேத்கர் நகர் – மூல்சந்த் பி.ஆர்.டி., 5.8 கிலோமீட்டர். ஐஐடி தில்லியின் தினேஷ் மோகன், கீதம் திவாரி குழு இதன் பின்னணியில் இருந்தது. நடுவில் பஸ், ஓரத்தில் தடுப்போடு சைக்கிள் பாதை. கார்க்காரர்கள் கொதித்தார்கள். வழக்கு போட்டார்கள். 2012-ல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2016-ல் பஸ் தடத்தை உடைத்தே விட்டார்கள். சைக்கிள் பாதையிலோ டூவீலர்கள் புகுந்து விளையாடின.

இதில் பாடம் இருக்கிறது. வெள்ளைக் கோடு யாரையும் காப்பாற்றாது, உயரமான ஓரக்கல் வேண்டும். நுழைவாயிலில் சைக்கிள் போகணும், கார் போகக் கூடாது. முக்கியமாக, குறுக்குச் சாலை வெட்டும் இடத்தில் பாதையை அப்படியே உயர்த்திக் கொண்டுபோனால், திரும்பும் கார் தானாக வேகம் குறைக்கும். ஆபத்து அதிகம் இருப்பதே அந்தத் திருப்பங்களில்தான்.

ஹாலந்தில் எல்லாம் பிறவியிலேயே அப்படி என்று நினைப்போம். 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்றே இயக்கத்துக்குப் பெயர். பாதைகள் பெருகியது அதன் பிறகுதான்.

மந்திர் மார்க்கில் நம் தமிழ்ப் பள்ளி, ஹார்கோர்ட் பட்லர், செயின்ட் தாமஸ் என்று வரிசையாகப் பள்ளிகள். இத்தனை பெற்றோர் சேர்ந்து கேட்டால் காது கேட்காமலா போகும்? கேட்பதற்கு முன் ஒன்று. மத்தியானம் அந்தச் சாலையோரத்தை அடைத்துக்கொண்டு நிற்பது யார் கார்? நேற்று வரை அதில் என்னுடையதும் ஒன்று.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, போக்குவரத்து தொடங்கும் முன், மகளும் நானும் பள்ளி வரை மிதித்துப் பார்க்கப் போகிறோம். மாமா பரணிலிருந்து தன் பழைய காற்றடிக்கும் பம்பை எடுத்துக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. உங்கள் ஊரில் பிள்ளைகளை எப்படி அனுப்புகிறீர்கள்? சொல்லுங்களேன்.