தேனி ஜெயிக்க வைத்த நாடகக்காரர்

தேனி என்றால் இளையராஜா, பாரதிராஜா என்பீர்கள். அவர்களுக்கு முன்பே எங்கள் ஊரைச் சினிமாவோடு சேர்த்துப் பேச வைத்தவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். மதுரைப் பக்கம் சேடபட்டியில் 1928-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாய்ஸ் கம்பெனி, பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக்குழு. அங்கே பழகிய குரல்தான் 1952-ல் ‘பராசக்தி’யில் பிச்சைக்காரர்களுக்காகப் பேசியது. 1960-ல் ‘தங்கரத்தினம்’ படத்தை அவரே இயக்கினார்.

1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றுப்போனார். அதே தி.மு.க. சார்பில் தேனியில் நின்ற எஸ்.எஸ்.ஆர். ஜெயித்தார். இந்தியாவில் தேர்தலில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆன முதல் நடிகர் இவர்தான் என்பார்கள். எம்.ஜி.ஆர். எம்.எல்.ஏ. ஆனதே 1967-ல்தான்! 1980-ல் ஆண்டிபட்டியும் எஸ்.எஸ்.ஆரைத் தேர்ந்தெடுத்தது. 2014-ல் மறைந்தார்.

நடிகர் அரசியலுக்கு வரலாமா என்று கேன்டீனில் சண்டை போடுகிறோமே, அதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் 1962-லேயே ஓட்டுப் போட்டுப் பதில் சொல்லிவிட்டார்கள். பதில் சரியா தப்பா, நீங்களே சொல்லுங்கள்.